கடல்நீரைக் குடிநீராக்குதல்: விலையும் கடனும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட சரக்கு ரயில் ஒன்று சென்னை வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஐம்பது வேகன்கள்; வேகனுக்கு ஐம்பதாயிரம் லிட்டர் வீதம் மொத்தம் 25 லட்சம் லிட்டர் தண்ணீர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு தரை வெடித்துக் கிடந்த கோடை அது. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குடிநீர் வாரியம் 52.5 கோடி லிட்டராகக் குறைத்துக்கொண்டது. லாரி வரும் நேரம் தெரியாமல் பெண்கள் இரவெல்லாம் குடங்களோடு விழித்திருந்தார்கள்.

அந்த ரயிலைப் படம் பிடிக்காத பத்திரிகை இல்லை. ஆனால் அதே நாட்களில் ரயில் கொண்டுவந்ததைப் போல எண்பது மடங்கு நீரைத் தரும் திறன் கொண்ட இரண்டு நிலையங்கள் கடற்கரையில் ஓசையின்றி வேலை செய்துகொண்டிருந்தன. வடக்கே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பட்டது ஒன்று; அதை மீஞ்சூர் நிலையம் என்பார்கள். தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலியில் 2013இல் திறக்கப்பட்டது மற்றொன்று. இரண்டும் நாளுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் திறன் கொண்டவை. அந்தக் கோடையில் சென்னைக்குக் கிடைத்த குழாய்நீரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கடலிலிருந்து வந்தது. அவை இல்லாதிருந்தால் நகரத்தின் ஒரு பகுதி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும்.

ஆகவே இந்தத் தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிக்க நான் வரவில்லை. அந்த விவாதத்தை 2019ஆம் ஆண்டுக் கோடை முடித்துவைத்துவிட்டது. கடலிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு குடம் நீருக்கும் ஒரு முழு விலை உண்டு. அதில் ஒரு பகுதியைத்தான் குடிப்பவர் கொடுக்கிறார். மீதியை வேறு சிலர் கொடுக்கிறார்கள், அவர்களைக் கேட்காமலேயே. அந்த மீதியைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். ஆனால் அறிவியலை ஒழுங்காகப் புரிந்துகொள்ளாமல் விலையைப் பேச முடியாது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அமைவனத்தின் வரம்பு. 35 கிராமை அரை கிராமாகக் குறைப்பது பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் கரைந்த உப்பு நீரோடு வெறுமனே கலந்து கிடப்பதில்லை. நீரின் மூலக்கூறுகள் அதன் அயனிகளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்க ஆற்றல் செலவழித்தே ஆக வேண்டும்.

எவ்வளவு ஆற்றல்? மிகப் பழைய வழி காய்ச்சி வடிப்பது. கடல்நீர் ஆவியாகிக் குளிர்ந்தால் நன்னீராகும் என்பது அரிஸ்டாட்டில் காலத்திலேயே தெரியும். கப்பலோட்டிகள் பலர் அப்படித்தான் உயிர் பிழைத்தார்கள். ஆனால் ஆயிரம் லிட்டர் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். ஓர் அடுக்கில் குளிரும் ஆவியின் வெப்பத்தை அடுத்த அடுக்கின் நீரைச் சூடேற்றப் பயன்படுத்திக்கொள்ளும் முறையை வைத்துத்தான் வளைகுடா நாடுகள் இந்தச் செலவைப் பல மடங்கு குறைத்தன. எண்ணெய் மலிந்த இடத்தில் அது நடந்தது. நமக்கு அது கட்டுப்படியாகாது.

இரண்டாவது வழி பிரான்சு நாட்டுப் பாதிரியார் நோலே 1748இல் கண்ட ஒரு வியப்பிலிருந்து வருகிறது. ஒரு பாத்திரத்தில் சாராயத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, நீருக்குள் அமிழ்த்தி வைத்தார். வெளியே இருந்த நீர் தோலைக் கடந்து உள்ளே புகுந்தது, தோல் புடைத்துக்கொண்டது. இந்தச் சவ்வூடு பரவலுக்குப் பின்னுள்ள கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வான்ட் ஹாஃப் வகுத்தார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901இல், அவருக்குத்தான் கிடைத்தது. ஒரு பக்கம் கடல்நீரும் மறு பக்கம் நன்னீரும் இருந்து, நடுவே நீரை மட்டும் விடும் சவ்வு இருந்தால், நன்னீர் கடல்நீரை நோக்கிப் பாயும். அதைத் தடுத்து நிறுத்த வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 27 மடங்கு அழுத்த வேண்டும். அதைவிடக் கூடுதலாக அழுத்தினால் ஓட்டம் திரும்பும்: கடல்நீரிலிருந்து நன்னீர் பிதுங்கி வெளியே வரும். இன்று பல வீடுகளின் சமையலறையில் தொங்கும் ஆர்.ஓ. கருவியின் கொள்கை இதுதான்.

கொள்கை தெரிந்தும் வெகுகாலம் அது தாளிலேயே கிடந்தது, தகுந்த சவ்வு கிடைக்காததால். 1950களின் இறுதியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரீடும் பிரெட்டனும் செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு உப்பைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் நீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்தது. ஒரு குவளை நிறைவதற்குள் ஆர்வமே வடிந்துவிடும். அந்தத் தடையை உடைத்தவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இருவர். இந்தியாவிலிருந்து சென்ற சௌரிராஜனின் பெயரை நம் பாடப்புத்தகங்களில் காணாதது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

அவர்கள் செய்தது என்ன? உப்பைத் தடுக்கத் தடித்த சவ்வு தேவையில்லை. தடுக்கும் வேலையை மேற்புறத்தில் உள்ள மிக மெல்லிய அடர்த்தியான படலம் ஒன்றே செய்துவிடும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அந்தப் படலம் கிழியாமல் தாங்கும் நுண்துளைப் பஞ்சாக இருந்தால் போதும். காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதைப் போல ஒரே வார்ப்பில் இவ்விரண்டையும் உருவாக்கும் வழியை 1960ஐ ஒட்டி அவர்கள் கண்டுபிடித்தார்கள். நீரின் ஓட்டம் ஒரே பாய்ச்சலில் பத்து மடங்கு அளவுக்குக் கூடியது. ஆடை உள்ள பக்கம் உப்புநீரைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி வைத்தால் சவ்வு வேலை செய்யாது.

1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் இந்தச் சவ்வை வைத்து முதல் நிலையம் ஓடியது. அங்கே சுத்திகரித்தது கடல்நீரை அல்ல, உவர்ப்பேறிய நிலத்தடி நீரை. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அந்த ஊருக்குக் குடிநீர் ரயில் தொட்டிகளில் வந்துகொண்டிருந்தது என்பதை நம்மூரில் நின்று சொல்லும்போது மனம் ஒரு கணம் நின்றுதான் போகிறது.

பிறகு செல்லுலோஸ் அசிட்டேட்டின் இடத்தைப் பாலிஅமைடு பிடித்தது. 1970களின் இறுதியில் ஜான் கெடாட் உருவாக்கிய அந்தப் படலத்தின் வழித்தோன்றல்கள்தாம் இன்று உலகெங்கும் ஓடுகின்றன. உப்பைத் தடுக்கும் படலம் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. எட்டங்குல விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள ஓர் உருளைக்குள் ஏறக்குறைய நாற்பது சதுர மீட்டர் சவ்வைச் சுருட்டி அடைத்துவிடுகிறார்கள். அந்த உருளைகளை வரிசையாக நீண்ட குழாய்களுக்குள் செருகி, 60 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் கடல்நீரைத் தள்ளுகிறார்கள். கடலுக்குள் 600 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது.

மாணவர்களாகிய நீங்கள் இந்த நிலையங்களில் ஒன்றைப் பார்க்கப் போனால் சவ்வுக் கூடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. நிலையத்தின் உயிர் அதற்கு முன்னால் இருக்கிறது. கடலுக்குள் பதித்த குழாய் வழியே வரும் நீரில் மணல் உண்டு, சேறு உண்டு, பாசி உண்டு, மீன்முட்டை உண்டு, மழைக்காலத்தில் ஆறுகள் அடித்து வரும் குப்பையும் உண்டு. குளோரின் போட்டுக் கிருமியைக் கொல்ல வேண்டும். ஃபெரிக் குளோரைடு சேர்த்துக் கலங்கலைத் திரட்ட வேண்டும். மணற்படுகையிலோ நுண்வடிகட்டியிலோ வடிக்க வேண்டும். அதே குளோரின் பாலிஅமைடு சவ்வை அரித்துவிடும் என்பதால், சவ்வை நெருங்குமுன் பைசல்ஃபைட் கலந்து அதை நீக்கவும் வேண்டும். வங்கக் கடலின் இந்தக் கரையோரம் கலங்கலானது. அலை மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் இங்கே பணி செய்யும் பொறியாளருக்குத் தூக்கம் இல்லை. 2008இன் இறுதியிலிருந்து 2009 வரை ஓமான் வளைகுடாவிலும் பாரசீக வளைகுடாவிலும் செம்பாசி படர்ந்தபோது அங்கே பல நிலையங்கள் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. எண்ணெய் சவ்வுக்கு நஞ்சு. வானம் பொய்த்தாலும் கடல் பொய்க்காது என்று மேடைதோறும் சொல்கிறோம். கடல் வற்றாது என்பது உண்மை. கடல் கெடாது என்பது உண்மையல்ல.

சவ்வைக் கடந்து வரும் நீரையும் அப்படியே ஊருக்கு விட முடியாது. தாதுக்கள் போய்விட்ட அந்த நீர் இரும்புக் குழாயை அரிக்கும். சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்த்து அதற்குக் கொஞ்சம் உடம்பு கொடுத்த பிறகே அனுப்புகிறார்கள்.

இனி விலைக்கு வருகிறேன்.

ஆயிரம் லிட்டர் கடல்நீரில் பாதியை நன்னீராகப் பிரித்தெடுக்க இயற்கை விதிகள் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல், எடுக்கும் நன்னீரின் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் ஏறத்தாழ ஒரு யூனிட். எவ்வளவு பெரிய மேதை வந்தாலும் இதற்குக் கீழே போக முடியாது. 1970களில் பத்து யூனிட்டுக்கு மேல் செலவானது. இன்று நல்ல நிலையங்களில் முழுச் செலவும் சேர்த்து மூன்றிலிருந்து நான்கு யூனிட். இந்த வீழ்ச்சிக்குச் சவ்வின் மேம்பாடு ஒரு காரணம். வீணாகப் போகும் அழுத்தத்தை மீட்டெடுக்கும் கருவி இன்னொரு காரணம். உள்ளே தள்ளிய நீரில் பாதிக்கு மேல் நன்னீராகாமல், ஏறிய அழுத்தம் குறையாமலே வெளியேறும். பீங்கானால் ஆன சுழலும் உருளை ஒன்று அந்த அழுத்தத்தை உள்ளே வரும் புது நீருக்கு நேராகக் கைமாற்றிவிடுகிறது. 95 விழுக்காட்டுக்கு மேல் மீள்கிறது. எனக்குத் தெரிந்த பொறியியல் கருவிகளில் இதைப் போல அடக்கமாகப் பெரும் வேலை செய்வது வேறொன்று இல்லை.

எனவே இனிமேல் செலவு பாதியாகும், கால்வாசியாகும் என்று எதிர்பார்ப்பது வீண். அடிமட்டம் ஒரு யூனிட். நாம் மூன்றரையில் நிற்கிறோம். இன்னும் கொஞ்சம் இறங்கலாம், அவ்வளவுதான்.

சென்னைக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் திறன் கொண்ட இரண்டாவது நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. திட்டச் செலவு 1,516 கோடி ரூபாய்க்கு மேல். பக்கத்துப் பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள்; ஜப்பானியக் கடனுதவியோடு 4,276 கோடி ரூபாய். நான்கும் முழுவீச்சில் ஓடினால் நாளுக்கு 75 கோடி லிட்டர். மூன்றரை யூனிட் வீதம் 26 லட்சம் யூனிட் மின்சாரம், ஒவ்வொரு நாளும். நாளுக்கு 5 யூனிட் செலவழிக்கும் ஐந்து லட்சம் வீடுகளின் மின்சாரம் அது. கடற்கரையிலிருந்து ஊருக்குள் ஏற்றி இறைக்கும் செலவு தனி.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான், குடிப்பவர் கொடுக்காமல் மற்றவர் தலையில் விழும் மூன்று கடன்களில் முதலாவது. நம் மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிது. வடசென்னை, வல்லூர் அனல் நிலையங்களின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் கொட்டி, அங்கே இறாலும் மடவையும் பிடித்துப் பிழைத்த குடும்பங்களை என்ன செய்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. காட்டுப்பள்ளி நிலையம் அந்தக் கழிமுகத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. தென்சென்னையில் ஒருவர் குழாயைத் திறக்கும்போது வடசென்னையில் ஒருவர் சாம்பலைச் சுவாசிக்கிறார் என்றால், அந்த நீரின் விலைப்பட்டியலில் இது எழுதப்படவில்லை. மீஞ்சூர் நிலையத்திடம் நீர் வாங்கும் ஒப்பந்தத்தின் தொடக்க விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. மூச்சுத்திணறலின் விலை அந்தக் காசுக்குள் இல்லை.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் 2006இல் குவினானாவில் தன் முதல் பெரிய நிலையத்தைத் திறந்தபோது, அதற்குத் தேவையான மின்சாரத்துக்கு ஈடாக எமு டவுன்ஸ் காற்றாலைப் பண்ணையை இணைத்தது. காற்றாலையில் இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நாம், பேரூர் நிலையத்துக்கென்று காற்றிலும் வெயிலிலும் தனியே மின்சாரம் ஒதுக்குவதை ஒரு நிபந்தனையாக எழுதியிருக்கலாம். இப்போதும் எழுதலாம்.

இரண்டாவது கடன் உப்பு. மீஞ்சூர் நிலையம் பத்துக் கோடி லிட்டர் நன்னீருக்காகச் சுமார் 23.7 கோடி லிட்டர் கடல்நீரை உறிஞ்சும் வகையில் அமைக்கப்பட்டது. மீதி 13.7 கோடி லிட்டர், உள்ளே வந்த உப்பு அவ்வளவையும் சுமந்துகொண்டு கடலுக்குத் திரும்பும். குடிக்க அனுப்பிய நீரிலிருந்து பிரிந்த உப்பு மட்டுமே நாளுக்கு 3,500 டன். திரும்பும் நீரில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் இயங்கும் ஏறக்குறைய 16,000 நிலையங்கள் நாளுக்கு 9.5 கோடி கன மீட்டர் நன்னீர் தந்து, 14.2 கோடி கன மீட்டர் உவர்க்கழிவை வெளியேற்றுகின்றன.

கடலிலிருந்து எடுத்த உப்பு கடலுக்கே போகிறது, இதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கடல் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் மீன் கடல் முழுவதிலும் வாழ்வதில்லை. அடர்ந்த உப்புநீர் கனமானது. மேலே கலக்காமல் கீழே இறங்கிக் கடல்தரையோடு படர்கிறது. நண்டும் இறாலும் சிப்பியும் புழுக்களும் இருப்பது அந்தத் தரையில்தான். கூடவே சவ்வைக் கழுவிய வேதிப்பொருள்களும் கலங்கலைத் திரட்டிய இரும்புச் சேறும் போனால் தீங்கு கூடும். வெளியேற்றும் குழாயின் முனையில் பல சிறு வாய்கள் வைத்து, நீரை வேகமாகப் பீய்ச்சிக் கடலோடு உடனே கலக்கச் செய்தால் தீங்கு வெகுவாகக் குறையும். கலிஃபோர்னியா 2015இல் ஒரு விதி கொண்டுவந்தது: கழிவு விழும் இடத்திலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால், கடலின் இயல்பான உப்பளவைவிட லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் ஏறக்கூடாது. அளந்து சரிபார்க்கக்கூடிய தெளிவான விதி.

நெம்மேலி நிலையத்தை ஒட்டிச் சூலேரிக்காட்டுக்குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது. நிலையம் வந்த பிறகு கரை அரித்துப் படகு ஏற்றி வைக்க இடம் இல்லாமல் போயிற்று, கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது என்று அந்த ஊர்மக்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். கரை அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு: இந்தக் கடற்கரை நெடுக எழுப்பிய துறைமுகச் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் மணலின் வடதிசை ஓட்டத்தை மறிக்கின்றன. எது எவ்வளவுக்குக் காரணம் என்று பிரித்துச் சொல்ல நிலையம் வருவதற்கு முன்பிருந்தே எடுத்த அளவீடு வேண்டும். அது மக்கள் கையில் இல்லை. அளவீடு இல்லை என்பதையே மீனவருக்கு எதிரான சாட்சியமாக ஆக்குவதை நான் ஒப்பமாட்டேன். கரையில் கட்டடம் எழுப்புகிறவர்தான் அளந்து காட்டக் கடமைப்பட்டவர். வலை விரித்து வாழ்கிறவர் அல்லர்.

உவர்க்கழிவே இல்லாமல் கடல்நீரைக் குடிநீராக்க முடியாதா என்றால், சில இடங்களில் முடியும். அதைச் செய்து காட்டியவர்கள் இதே சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் போவது நன்றி மறப்பதாகும். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் 2005இல் லட்சத்தீவுகளின் கவரத்தியில் ஒரு நிலையம் அமைத்தார்கள். சவ்வு இல்லை, கொதிகலன் இல்லை. கடலின் மேற்பரப்பு நீர் அங்கே 28 டிகிரி வெப்பத்தில் இருக்கும். 350 மீட்டர் ஆழத்தில் 12 டிகிரி. ஒரு கலத்துக்குள் காற்றை உறிஞ்சி அழுத்தத்தை வளிமண்டலத்தில் நாற்பதில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால், அந்த 28 டிகிரி நீரே குபுகுபுவென்று ஆவியாகும். அடியிலிருந்து இறைத்த குளிர்நீர் ஓடும் குழாய்களில் அந்த ஆவி பட்டு நன்னீராக வடியும். உள்ளே போகும் நீரில் நூற்றில் ஒரு பங்குதான் ஆவியாகிறது என்பதால், திரும்பிப் போகும் நீரின் உப்பு கூடியதே தெரியாது. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். பவளத்தீவின் மணலுக்கடியில் மெல்லிய நன்னீர்ப் படுகை ஒன்றை மட்டுமே நம்பி, அதுவும் கெட்டு நோயோடு வாழ்ந்த பத்தாயிரத்துச் சொச்சம் மக்களுக்கு அது பெரிய கொடை. 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும் இதே முறை வந்தது.

இதைச் சென்னையில் செய்தால் என்ன? பவளத்தீவுகளின் கரையிலிருந்து கடலடி செங்குத்தாக இறங்கிவிடும். சில நூறு மீட்டர் குழாய் போட்டால் குளிர்நீரை எட்டலாம். நம் கரையில் கடலடி மெல்லச் சரிந்து போகிறது. குளிர்நீருக்காக நாற்பது கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். 2007இல் அவ்வளவு தூரம் ஒரு மிதவைக் கலத்தைக் கொண்டுபோய் நிறுத்தி நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் எடுத்தும் காட்டினார்கள். தொழில்நுட்பம் வென்றது; பெருந்திரளான மக்கள் வாழும் ஊருக்கு அது போதுவதாக இல்லை. கவரத்திக்குப் பொருந்துவது கவரத்திக்கு. ஒவ்வொரு கரைக்கும் அதன் கடலடியைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு அது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றில் அள்ளித்தான் தோட்டமும் வீடும் வாழ்ந்தன. உரத்தின் நைட்ரேட் அந்த நீரில் ஏறிவிட்டது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து குழாய் போடத் திட்டமிட்டபோது, தங்கள் வயலுக்கே போதாத நீரைக் கொடுப்பதெப்படி என்று அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் தாளையடியில் நாளுக்கு 2.4 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீர் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். இரு தமிழ் ஊர்களுக்கு நடுவே மூளவிருந்த நீர்ச்சண்டையைக் கடல் விலக்கி வைத்தது. இந்த நன்மையை யூனிட்டிலும் ரூபாயிலும் எழுத முடியாது.

மூன்றாவது கடன் கண்ணுக்குத் தெரியாதது. எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். கடல் கொடுக்கும் என்ற தைரியம் வந்துவிட்டால் ஏரியின் மேல் அக்கறை போய்விடும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒருகாலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. இன்று எஞ்சியிருப்பது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் நகரம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்து, நான்கே ஆண்டில் ரயிலில் தண்ணீர் வாங்கியது. மழை குறைவானதால் மட்டும் இது நேரவில்லை. வந்த மழையைத் தேக்கும் இடங்களில் வீட்டுமனை போட்டோம்.

மெல்போர்ன் நகரத்தைப் பாருங்கள். பத்தாண்டு நீடித்த வறட்சியின் அச்சத்தில் வொந்தாகியில் ஒரு மாபெரும் நிலையம் கட்டினார்கள். 2012இன் இறுதியில் அது கட்டி முடியும்போது மழை திரும்பிவிட்டது. 2017வரை ஒரு சொட்டு நீரும் வாங்கவில்லை. ஆனால் ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலர் கட்டினார்கள். கடல்நீர் நிலையம் குடையைப் போல மழை வரும்போது விரித்து மற்ற நாளில் மடக்கி வைக்கக்கூடியதல்ல. சவ்வுகள் சும்மா கிடந்தால் கெடும்; கடனுக்கு வட்டி ஓடும். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்ற முடிவை அதனால் அச்சத்தில் எடுக்கக்கூடாது.

அப்படியானால் கடலுக்கு முன் எதைத் தொட வேண்டும்? நம் சாக்கடையை. கேட்கும்போது முகம் சுளிக்கும். ஆனால் வீட்டுக் கழிவுநீரில் உப்பு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம்தான். அதைத் தள்ளக் கடல்நீருக்கு வேண்டிய அழுத்தத்தில் சிறு பகுதி போதும், மின்சாரமும் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியே ஆகும். சிங்கப்பூர் 2003 முதலே இதைச் செய்கிறது. கடல்நீர் நிலையத்தை அதற்குப் பிறகு, 2005இல்தான் திறந்தது. அந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். சென்னையிலும் 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து மணலி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல தொடக்கம். தொழிற்சாலைக் குழாயில் போகும் ஒவ்வொரு லிட்டர் மறுசுழற்சி நீரும் ஒரு லிட்டர் ஏரிநீரைக் குடிப்பதற்கு மிச்சப்படுத்துகிறது. இந்த ஒன்பது கோடியை முப்பது கோடியாக்கிய பிறகு, அடுத்த கடல்நீர் நிலையம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கணக்குப் போட்டால் அந்த எண் வேறாக இருக்கும்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் இந்த நிலையங்களில் வேலைக்குப் போவீர்கள். அதனால் மூன்று கோரிக்கைகளை உங்களிடமே வைக்கிறேன். ஆயிரம் லிட்டருக்கு இன்று எத்தனை யூனிட் ஆயிற்று, அதில் எத்தனை காற்றிலும் வெயிலிலும் வந்தது என்பதை நிலையத்தின் வாசலிலேயே பலகையில் எழுதுங்கள். ஏரிகள் நிறைந்திருக்கும் ஆண்டில் எவ்வளவு குறைத்து ஓட்டலாம் என்பதை ஒப்பந்தம் போடும் நாளிலேயே எழுதி வாங்குங்கள். கழிவு விழும் இடத்தைச் சுற்றி நூறு மீட்டரிலும் ஐந்நூறு மீட்டரிலும் மாதந்தோறும் உப்பளவும் உயிர்வளியும் அளந்து, அந்த எண்களைத் தமிழில் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் கொடுங்கள். பெர்த்தில் நிலையத்தின் கழிவு விழும் காக்பர்ன் குடாவின் நீரைக் கருவி வைத்து இடைவிடாமல் கண்காணித்தார்கள். நம்மால் மாதம் ஒருமுறையாவது முடியும். மாதிரிநீர் எடுக்கக் கடலுக்குள் போகும் படகு சூலேரிக்காட்டுக்குப்பத்தார் படகாகவே இருக்கட்டும். எந்த இடத்தில் வலை காலியாக வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் படகுக்கும் ஆளுக்குமான கூலியைத் திட்டச் செலவில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.